டெல்லி ஜே.என்.யு: ஏழை மாணவர்களை உள்ளே கொண்டுவந்தது எது? இப்போ சேர்வது எப்படி?

2017-18 கல்வியாண்டில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,556 பேர். அவர்களில் 623 பேரின் குடும்ப மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் குறைவு. அதாவது பத்தில் நாலு பேர். பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கும் கணக்கு இது.

டிவியில் ஜே.என்.யு என்றாலே கோஷம், பேரணி, போலீஸ் தடுப்பு என்றுதான் காட்சிகள் ஓடும். ஆனால் தேசிய தரவரிசையில் பல்கலைக்கழகங்கள் பிரிவில் 2-ஆம் இடத்தில் இருக்கும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில், மாதம் 12,000 ரூபாய்கூட வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி இடம் பிடிக்கிறார், டெல்லி மாதிரி செலவு பிடிக்கும் ஊரில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கென்றே சில ஏற்பாடுகள் அங்கே உண்டு. அவை தானாக வந்தவையும் அல்ல, இப்போது பத்திரமாக இருப்பவையும் அல்ல.

தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர்

ஜே.என்.யு-வுக்கான சட்டம் 1966-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது 1969-ல். முதல் துணைவேந்தர் ஜி.பார்த்தசாரதி. பத்திரிகையாளராக இருந்து தூதரானவர். அரசியல் நிர்ணய சபையில் முக்கியப் பங்கு வகித்த என்.கோபாலசாமி ஐயங்காரின் மகன். வளாகத்தின் உயரமான பாறைப் பகுதியை மாணவர்கள் இன்றும் 'பார்த்தசாரதி ராக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆரவல்லி மலைத்தொடரின் வால் பகுதியில் சுமார் 1,000 ஏக்கரில் விரிந்திருக்கிறது வளாகம். பாறையும் முள்புதரும் நிறைந்த காடு. மயில்கள் சர்வசாதாரணம், நீலான் மான்களும் உண்டு. விடுதிகளுக்கு நாட்டின் ஆறுகளின் பெயர்கள்: கங்கா, யமுனா, சபர்மதி, நர்மதா, தப்தி, கோதாவரி, ஜீலம், சட்லஜ், பிரம்மபுத்ரா, லோஹித், காவேரி, பெரியார். 'பெரியார் விடுதி' என்று போர்டைப் பார்த்ததும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம் வரும். ஆனால் அது கேரளத்தில் ஓடும் பெரியாறு. பக்கத்திலேயே காவேரி இருப்பதால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்!

'டெப்ரிவேஷன் பாயின்ட்' அப்படின்னா என்ன?

ஜே.என்.யு-வை மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருந்து தனித்துக் காட்டுவது இதுதான். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இட ஒதுக்கீடு பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அதற்கு மேல், பின்தங்கிய மாவட்டத்தில் வளர்ந்து படித்தவருக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு சில புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்ப்பது ஜே.என்.யு-வின் பழக்கம்.

எந்த மாவட்டம் பின்தங்கியது என்பதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து நான்கு விவரங்களை எடுக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் கிராமப்புற மக்கள் எவ்வளவு? பெண்களின் எழுத்தறிவு எவ்வளவு? விவசாய வேலையை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர்? கழிப்பறை இல்லாத வீடுகள் எத்தனை? இவற்றை வைத்து மாவட்டங்களை நாலு அடுக்காகப் பிரிக்கிறார்கள். கீழே இருக்கும் இரண்டு அடுக்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் புள்ளி. பெண்களுக்கும் திருநர்களுக்கும் தனியாக 5 புள்ளி உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதியை மட்டும் பார்க்காமல், பிறந்து வளர்ந்த ஊரில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் தேர்வு கணக்கில் எடுக்கிறது. ஒரு பெண், அதுவும் பின்தங்கிய மாவட்டத்துப் பெண் என்றால் இரண்டு வகைப் புள்ளிகளும் அவருக்குச் சேரும். மாநகரத்தில் கோச்சிங் போனவருக்கும் ஆசிரியர் பணியிடமே காலியாகக் கிடந்த பள்ளியில் படித்தவருக்கும் உள்ள இடைவெளியை 5 புள்ளி முழுசாக மூடிவிடாது. ஆனால் ஒன்று இரண்டு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் மோதும் தேர்வில் அதுதான் உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்மானிக்கும்.

இந்த முறை தொடர்ச்சியாக இருந்ததும் இல்லை. 1970-களில் வந்தது. 1983-ல் வளாகத்தில் பெரிய போராட்டம் வெடித்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் கைதாகி திகார் சிறைக்குப் போனார்கள். பின்னாளில், 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அப்படி உள்ளே போன மாணவர்களில் ஒருவர். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு சேர்க்கை விதிகள் மாற்றப்பட்டு, கூடுதல் புள்ளி முறை எடுக்கப்பட்டது. பிறகு மாணவர்கள் விடாமல் போராடி 1990-களின் நடுப்பகுதியில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

20 ரூபாய் அறையும் 2019 போராட்டமும்

சீட் கிடைத்தால் போதுமா? டெல்லியில் முனிர்காவிலோ பேர் சராயிலோ ஒரு சின்ன அறை எடுத்தாலே மாதம் பல ஆயிரம் போய்விடும். ஜே.என்.யு-வின் இன்னொரு பலம் இங்கேதான் வருகிறது. படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்ற அளவில்தான் இருந்து வந்தது. விடுதியில் தனி அறைக்கு மாதம் 20 ரூபாய், இருவர் தங்கும் அறைக்கு 10 ரூபாய். சாப்பாட்டுக்கு மெஸ் பில் தனி.

2019 அக்டோபரில் இந்த வாடகையை 600 ரூபாய், 300 ரூபாய் என்று உயர்த்த நிர்வாகம் முடிவு செய்தது. தண்ணீர், மின்சாரக் கட்டணம், மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் ஆகியவையும் புதிதாகச் சேர்ந்தன. "600 ரூபாய் ஒரு காசா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். மெஸ் பில்லையும் சேர்த்துப் பார்த்தால் மாதச் செலவு பல ஆயிரங்களைத் தொடும்; மாதம் 12,000-க்குள் ஓடும் வீட்டில் அது என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மாணவர்களின் கோபம் புரியும்.

அந்த நவம்பரில் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மத்திய அமைச்சர் பல மணி நேரம் அரங்கைவிட்டு வெளியே வர முடியவில்லை. மாணவர்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் பேரணி போனார்கள். உயர்வின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. 2020 ஜனவரி 5-ஆம் தேதி முகமூடி அணிந்த கும்பல் விடுதிகளுக்குள் புகுந்து மாணவர்களைத் தாக்கியது. அதே மாதம், பதிவு செய்யாத மாணவர்களைப் பழைய விடுதிக் கட்டணத்திலேயே பதிவு செய்ய அனுமதிக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

புதிதாகச் சேர்பவர் கவனிக்க வேண்டியது: சேர்ந்த அன்றே விடுதி கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும்வரை வெளியில் தங்க நேரலாம். முதல் மாதச் செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது.

பிளஸ் டூ முடித்தவர் என்ன படிக்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜே.என்.யு என்றதும் வரலாறு, அரசியல், பொருளாதாரம் என்று நினைத்து பிளஸ் டூ முடித்ததும் விண்ணப்பிக்கத் தேடுவார்கள். அந்தப் பாடங்கள் எல்லாம் அங்கே எம்.ஏ.-வில்தான் தொடங்குகின்றன. இளநிலையில் முக்கியமானது வெளிநாட்டு மொழிகளில் பி.ஏ. ஹானர்ஸ்தான். ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு, பாரசீகம், பஷ்தோ என்று பட்டியல் நீளம்.

முன்பே அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூவில் சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் எது படித்திருந்தாலும் போகலாம். அகரமுதலில் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கொரிய கார் ஆலையும் ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்களும் இருக்கும் மாநிலத்தில் இருந்து, கொரியமோ ஜப்பானியமோ படிக்கப் போகிறவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது ஆச்சரியம்தான். மொழிபெயர்ப்பு, தூதரகம், சுற்றுலா, நிறுவன வேலை என்று வழிகள் உண்டு. அந்தந்த நாட்டு அரசுகளின் உதவித்தொகையில் அங்கேயே போய்ப் படிக்கவும் வாய்ப்பு வரும்.

2018-ல் தொடங்கிய பொறியியல் பள்ளியில் பி.டெக் சேர ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும். எம்.பி.ஏ.-வுக்கு கேட் தேர்வு. கொசுறுத் தகவல் ஒன்று: புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி முடிக்கும் ராணுவ மாணவர்கள் வாங்கும் பட்டமும் ஜே.என்.யு-வுடையதுதான்.

பி.ஏ., எம்.ஏ. இரண்டுக்கும் முன்பு ஜே.என்.யு தனியாக நுழைவுத் தேர்வு நடத்தியது. 2022 முதல் 'க்யூட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் அடிப்படை. இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. க்யூட் எழுதினால் மட்டும் போதாது. மதிப்பெண் வந்த பிறகு ஜே.என்.யு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்து, எந்தப் படிப்பு வேண்டும் என்று விருப்பம் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு மார்க் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. கூடுதல் புள்ளி கேட்பதும் அந்தப் பதிவில்தான். சொந்த மாவட்டம் பட்டியலில் இருக்கிறதா என்பதை விவரக் குறிப்பேட்டில் பார்த்துவிட வேண்டும்.

பிஎச்.டி. வழி இப்போது வேறு. எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. 2024-25 முதல் நெட் தேர்வு மதிப்பெண் வழியாகத்தான் சேர்க்கை. ஜே.ஆர்.எஃப். அளவுக்கு மதிப்பெண் எடுக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம் என்று சேர்த்துப் பட்டியல் போடுகிறார்கள்.

மொழி ஒரு தடையா?

ஆமாம். மறைக்க ஒன்றுமில்லை. இளநிலை க்யூட் தேர்வைத் தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுநிலைக்கு வரும்போது மொழிப் பாடங்கள் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படித்த மாணவர் ஆங்கிலத் தாளை எடுத்தாக வேண்டும். இந்தி வழியில் படித்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாடு முழுவதற்கும் 'பொது' என்று சொல்லப்படும் தேர்வில் இது நியாயமான ஏற்பாடு இல்லை.

உள்ளே போன பிறகு வகுப்பும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில். பருவத் தேர்வு மட்டும் எழுதிவிட்டுப் போகிற இடம் இல்லை அது. ஒவ்வொரு பாடத்துக்கும் வாசிப்புப் பட்டியல் இருக்கும். படித்து, சொந்தமாக வாதம் வைத்து 'டேர்ம் பேப்பர்' எழுத வேண்டும், வகுப்பில் பேச வேண்டும். நோட்ஸ் மனப்பாடம் செய்து முதல் வகுப்பு வாங்கியவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது சகஜம். ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்ள மொழித்திறன் பயிற்சிப் பிரிவு வளாகத்திலேயே இருக்கிறது. போனால் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்காமல் முதல் மாதமே போய்விடுவது புத்திசாலித்தனம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்பது மாடி அம்பேத்கர் மத்திய நூலகத்தில் ஹெலன் கெல்லர் பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது.

இந்தி? வகுப்பறைக்குத் தேவையில்லை. மெஸ்ஸிலும் ஆட்டோவிலும் தேவைப்படும். மணிப்பூர், ஒடிசா, கேரளத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் இதே நிலைதான் என்பதால் சீக்கிரம் துணை கிடைத்துவிடும். தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. தமிழ் ஆய்வுக்குத் தனித்துறை அமைக்க தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் நிதி அளித்திருக்கிறது.

தாபா, விவாதம், தேர்தல்

வகுப்பு முடிந்த பிறகுதான் ஜே.என்.யு-வில் பாதிப் படிப்பு நடக்கிறது என்பார்கள். கங்கா தாபாவில் டீ கிளாஸோடு உட்கார்ந்தால் பேச்சு நள்ளிரவைத் தாண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி மெஸ்ஸிலேயே கூட்டங்கள் நடக்கும். பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் வந்து பேசுவார்கள், மாணவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

மாணவர் சங்கத் தேர்தலை நடத்துவது நிர்வாகம் இல்லை, மாணவர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் குழு. தலைவர் வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் ஏறி விவாதம் செய்யும் இரவுதான் உச்சம். கையால் வரைந்த போஸ்டர்கள், பறை, கோஷம் என்று களைகட்டும். சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி அந்த மேடையில் இருந்து வந்தவர். நெருக்கடி நிலை முடிந்த 1977-ல், பல்கலைக்கழக வேந்தர் பதவியில் இருந்து விலகச் சொல்லும் மனுவை இந்திரா காந்தி முன்னாலேயே அவர் வாசித்தார். இந்திரா பதவி விலகினார். மறுபக்கம் பார்த்தால், மதுரையில் பிறந்து திருச்சியில் கல்லூரி முடித்த நிர்மலா சீதாராமனும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் இதே வளாகத்தில் படித்தவர்கள்தான். நேபாள முன்னாள் பிரதமர் பாபுராம் பட்டராயும் இங்கேதான் பிஎச்.டி. வாங்கினார். 2022-ல் முதல் பெண் துணைவேந்தராக வந்த சாந்திஸ்ரீ துலிப்புடி பண்டிட்டும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஜே.என்.யு-விலும் படித்தவர்.

இத்தனை வகை மனிதர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிடும்போது உரசலும் வரும். 2022 ஏப்ரலில் ராமநவமி அன்று காவேரி விடுதியில் அசைவ உணவு தொடர்பாக மோதல் ஏற்பட்டு மாணவர்கள் காயமடைந்தார்கள். 2023 பிப்ரவரியில் மாணவர் சங்க அலுவலகத்தில் பெரியார் உள்ளிட்டோரின் படங்கள் சேதப்படுத்தப்பட்டன, தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைக் கண்டித்தார். வகுப்புக் கட்டடங்களுக்கு அருகே தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்று 2023-ல் விதியும் வந்தது. பாலியல் புகார்களை விசாரிக்க, மாணவர் பிரதிநிதிகளோடு 1999-ல் அமைந்து நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட குழுவை 2017-ல் கலைத்துவிட்டு உள்ளகப் புகார் குழு கொண்டுவரப்பட்டது.

வாசலைத் தாண்டிய பிறகும் சமத்துவம் இருக்கிறதா?

நேர்காணல் மதிப்பெண்தான் ஜே.என்.யு-வில் ஆறாத புண். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்த எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்களுக்கு நேர்காணலில் மட்டும் மதிப்பெண் சரிகிறது என்று மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு சேர்க்கைத் தரவுகளை ஆராய்ந்து அப்படி ஒரு போக்கு இருப்பதைச் சுட்டிக்காட்டி, நேர்காணலுக்கான மதிப்பெண்ணை 30-ல் இருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. ஆனால் 2016-ல் வந்த யு.ஜி.சி. விதி அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது: எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு, இறுதி முடிவு நேர்காணலில் என்றது. ஆய்வு இடங்களும் அப்போது கடுமையாகக் குறைந்தன. பிறகு அந்த விதி திருத்தப்பட்டு, எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம் வந்தது.

2017 மார்ச்சில், சேலத்தைச் சேர்ந்த ஒரு தலித் ஆய்வு மாணவர் டெல்லியில் உயிரிழந்தார். ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்காணலிலும் சமத்துவம் இல்லை என்று இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு பேஸ்புக்கில் எழுதியிருந்தார். பல முறை முயன்று ஜே.என்.யு-வில் இடம் பிடித்தவர் அவர்.

வீட்டில் இருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் ஒன்றரை நாள் பயணம். ஜனவரிக் குளிர், நவம்பர்ப் புகைமூட்டம், புரியாத மொழி, இவற்றோடு பாகுபாடும் சேர்ந்தால் யாருக்கும் மனம் உடையும். வளாகத்தில் சம வாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுக்கலாம். மன அழுத்தம் என்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பணம் எங்கிருந்து வரும்?

குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு பல்கலைக்கழகம் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. மெஸ் பில்லுக்கே அது போதவில்லை, 5,000 ஆக்குங்கள் என்று 2024 ஆகஸ்டில் மாணவர் சங்கத்தினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பிஎச்.டி.-யில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நெட் தேர்வில் சில மதிப்பெண் ஒருவரின் ஐந்து ஆண்டு வாழ்க்கையை மாற்றிவிடுகிறது.

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்குத் தெரியாத திட்டம் ஒன்று உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போலவே மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்வி உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழில் சறுக்காதீங்க

நம்மூர் மாணவர்கள் சேர்க்கை நேரத்தில் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் சாதிப் பெயர் இருக்க வேண்டும். 'கிரீமிலேயர் இல்லை' என்று குறிப்பிட்ட, மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். போன வருடம் வாங்கியதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களும் மத்திய அரசுப் படிவத்தில் எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் மேசைகளைத் தாண்டி தாசில்தார் கையெழுத்து வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அண்மை ஆண்டுகளில் முதுநிலை க்யூட் மார்ச் மாதத்திலும் இளநிலை க்யூட் மே மாதத்திலும் நடந்திருக்கின்றன. ஏப்ரல் பிறந்ததும் புதிய நிதியாண்டுக்கான ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டால், ஜே.என்.யு பதிவு திறக்கும்போது அது கையில் இருக்கும்.